உயரம் எத்தனை கோல் தரும்?

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. பூட்டானின் தலைநகர் திம்புவில், அந்நாட்டின் கால்பந்து அணி உள்ளூர் ஆட்டங்களை ஆடும் சாங்லிமிதாங் மைதானமும் ஏறத்தாழ அதே உயரத்தில்தான் இருக்கிறது. அட்சரேகையில் இரண்டுக்கும் இடையே பதினேழு பாகை தூரம். அங்கே பனி விழும், இங்கே உறைபனியோடு சரி. ஆனால் ஓடுகிறவனின் நுரையீரலுக்குள் போகும் காற்று ஏறக்குறைய ஒன்றே. கடல்மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் முக்கால் பங்கு.

இந்த ஒற்றுமைதான் பூட்டான் கால்பந்தின் மீது பழனிமலைக்காரர்களின் கவனத்தைத் திருப்ப வேண்டிய காரணம். மலையில் வளர்ந்தவனுக்குத் தம் அதிகம் என்று மேலேயும் சொல்கிறோம், கீழேயும் சொல்கிறார்கள். வத்தலக்குண்டிலிருந்து ஏறிவந்து ஆடும் அணி இருபதாவது நிமிடத்தில் இடுப்பில் கைவைத்து நிற்பதைக் கண்டவர்களுக்கு இதில் சந்தேகமே வராது. இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க ஓர் ஊரோ ஒரு பள்ளியோ போதாது. எழுதிவைக்கப்பட்ட முடிவுகள் வேண்டும். ஒரே அணி ஒரே எதிரியை மேலே ஒருமுறையும் கீழே ஒருமுறையும் சந்தித்திருக்க வேண்டும். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுகளில் பூட்டான் அப்படித்தான் ஆடியிருக்கிறது.

முதலில் உடம்பைப் பற்றிக் கொஞ்சம். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மலையிலும் சமவெளியிலும் ஒன்றுதான், சுமார் 21 சதவீதம். மேலே போகப் போகக் குறைவது அழுத்தம். அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு மூச்சிலும் இரத்தத்தில் ஏறும் ஆக்சிஜனின் அளவும் குறைகிறது. 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் உடலின் உச்ச ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறன் ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் புழங்கும் உத்தேசக் கணக்கு. கொடைக்கானலுக்கோ திம்புவுக்கோ வருகிற சமவெளி ஆட்டக்காரர் தன் திறனில் ஏழெட்டு சதவீதத்தை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். நடக்கும்போது இது தெரியாது. நாற்பது மீட்டர் வேகமாக ஓடி, மூச்சு திரும்புவதற்குள் இன்னொரு முறை ஓட வேண்டி வரும்போது தெரியும். கால்பந்து முழுக்க அப்படிப்பட்ட ஓட்டங்களால் ஆனது. சில வாரங்கள் தங்கினால் உடல் சிவப்பணுக்களைப் பெருக்கி ஈடுகட்டிக்கொள்ளும். ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாக வந்திறங்கும் அணிக்கு அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

பந்தும் மாறுகிறது. அடர்த்தி குறைந்த காற்றில் அதற்குத் தடை குறைவு, தூர உதை இன்னும் வேகமாக வரும். சுழற்றி அடித்தால் வளைய வேண்டிய அளவுக்கு வளையாது. கீழே பழகிய கோல்கீப்பர் தாண்டுவதற்குள் பந்து அவரைக் கடந்திருக்கும்.

உலகக் கால்பந்து இதை ஒரு சண்டையாகவே நடத்தியிருக்கிறது. 2007 மே மாதத்தில் பிஃபா, 2,500 மீட்டருக்கு மேல் இருக்கும் மைதானங்களில் சர்வதேச ஆட்டங்கள் கூடாது என்றது. 3,600 மீட்டர் உயரத்தில் லா பாஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பொலிவியா கொதித்தெழுந்தது. அதிபர் ஈவோ மொராலெஸ் சஹாமா சிகரத்தில் ஏறி, ஏறத்தாழ 6,000 மீட்டரில் பந்து விளையாடிக் காட்டினார். எல்லையை உயர்த்திப் பார்த்தும் எதிர்ப்பு தணியாததால் 2008 மே மாதத்தில் பிஃபா தடையை நிறுத்தி வைத்தது. அந்தத் தடை நிலைத்திருந்தாலும் திம்புவோ கொடைக்கானலோ அதற்குள் சிக்கியிருக்காது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சண்டைக்கு நடுவே, 2007 டிசம்பரில், ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பேட்ரிக் மெக்‌ஷாரி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டார். தென்னமெரிக்காவின் பத்து நாடுகள் நூறு ஆண்டுகளில் ஆடிய 1,460 ஆட்டங்களை அவர் அலசியிருந்தார். இரு அணிகளின் ஊர்களுக்கிடையே 1,000 மீட்டர் உயர வித்தியாசம் கூடினால் கோல் வித்தியாசம் ஏறத்தாழ அரைக் கோல் கூடுகிறது என்பது அவர் கண்ட முடிவு. ஒரே உயரத்தைச் சேர்ந்த இரு அணிகள் மோதினால் உள்ளூர் அணி வெல்லும் வாய்ப்பு 53.7 சதவீதம். பிரேசிலைப் பொலிவியா தன் ஊரில் சந்திக்கும்போது, அதாவது உயர வித்தியாசம் 3,695 மீட்டராக இருக்கும்போது, அது 82.5 சதவீதம் ஆகிறது. இந்த அளவுகோலைத் திம்புவுக்குப் பொருத்தினால், கடல்மட்டத்து அணியோடு ஆடும்போது மலை பூட்டானுக்குத் தரக்கூடியது ஒரு கோலுக்குச் சற்று அதிகம். தென்னமெரிக்கக் கணக்கு இமயமலைக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. கையில் இருப்பதில் நல்ல அளவுகோல் அது என்பதால் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது பூட்டான். வில்வித்தை அந்நாட்டின் தேசிய விளையாட்டு. கால்பந்துச் சம்மேளனம் 1983இல்தான் அமைந்தது. சாங்லிமிதாங் 1974இல், நான்காம் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக்கின் முடிசூட்டு விழாவுக்காகக் கட்டிய மைதானம். 1998 உலகக் கோப்பை இறுதியாட்டம் அங்கே பெரிய திரையில் காட்டப்பட்டது. நாட்டில் அன்று தொலைக்காட்சி ஒளிபரப்பே கிடையாது. மறு ஆண்டு ஜூனில் அது வந்தது. 2000இல் பூட்டான் பிஃபா உறுப்பினர் ஆனது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் குவைத்திடம் 20–0 என்று தோற்றது. அந்தச் சுற்றிலேயே ஏமன் 11, துர்க்மெனிஸ்தான் 8, நேபாளம் 3 கோல்கள் அடித்தன. பூட்டான் மொத்தமாக அடித்தது இரண்டு.

இரண்டு ஆண்டுகள் கழித்து பூட்டானை உலகம் பார்த்தது. 2002 உலகக் கோப்பைக்கு நெதர்லாந்து தகுதி பெறாத வருத்தத்தில், யோஹான் கிரேமர் என்ற டச்சு இயக்குநருக்கு ஒரு யோசனை தோன்றியது. யோகஹாமாவில் பிரேசிலும் ஜெர்மனியும் இறுதியாட்டம் ஆடும் அதே ஜூன் 30 அன்று, தரவரிசையின் கடைசி இரண்டு அணிகளை மோதவிட்டால் என்ன? பூட்டான் 202ஆம் இடத்தில் இருந்தது, கரீபியன் தீவான மான்ட்செராட் 203இல். ஆட்டம் திம்புவில் நடந்தது. இங்கிலாந்து நடுவர் ஸ்டீவ் பென்னட் நடத்தினார். பூட்டான் 4–0 என்று வென்றது. கேப்டன் வாங்கே டோர்ஜி மூன்று கோல், தினேஷ் சேத்ரி ஒன்று. கோப்பையை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தார்கள்.

இந்த வெற்றியில் மலைக்குப் பங்கு உண்டா? இருக்க வேண்டும். இடைவேளை வரை ஒரே ஒரு கோல்தான், மீதி மூன்றும் பிற்பாதியில். கடலோரத் தீவிலிருந்து பல விமானங்கள் மாறி, வழியிலேயே சிலர் நோயுற்று வந்த அணி, உயரத்தில் பிற்பாதியில் தளர்ந்தது என்று சொல்ல இடமிருக்கிறது. ஆனால் அந்தப் பயணத்தையும் நோயையும் உயரத்திலிருந்து எப்படிப் பிரித்தெடுப்பது? ஓர் ஆட்டத்தைக் கொண்டு முடியாது.

அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அன்று ஆடிய இரண்டுமே மக்களை இழந்த நாடுகள். மான்ட்செராட்டில் 1995இல் சூஃப்ரியர் ஹில்ஸ் எரிமலை விழித்தது. தலைநகர் பிளிமத் சாம்பலுக்கடியில் போனது. தீவின் மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வெளியேறினார்கள், அவர்களில் பலர் இங்கிலாந்துக்கு. பூட்டானில் வெடித்தது எரிமலை அல்ல. 1985இன் குடியுரிமைச் சட்டம், தேசிய உடையைக் கட்டாயமாக்கிய ஆணை, ஒரே நாடு ஒரே மக்கள் என்ற கொள்கை என்று தொடங்கி, 1990களின் தொடக்கத்தில் தெற்குப் பகுதியின் நேபாளி மொழி பேசும் லோட்சம்பா மக்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். கிழக்கு நேபாளத்து முகாம்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பல ஆண்டுகள் கிடந்தார்கள். பிறகு பெரும்பாலோர் அமெரிக்காவிலும் வேறு நாடுகளிலும் குடியமர்த்தப்பட்டார்கள். 2017 கணக்கெடுப்பில் பூட்டானின் மக்கள்தொகை ஏழேகால் லட்சம். அதோடு ஒப்பிட்டால் இழப்பின் அளவு புரியும். மான்ட்செராட் அணி பின்னாளில் இங்கிலாந்தில் பிறந்த தன் வம்சாவளிப் பிள்ளைகளைத் தேடிச் சேர்த்தது. 2019 கோல்டு கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பைக் கோல் வித்தியாசத்தில்தான் தவறவிட்டது. வெளியே போன தன் மக்களை பூட்டான் அப்படி அழைத்துக்கொள்ளவில்லை. ஒரு நாட்டைச் சிறியது என்று சொல்லும்போது அதைச் சிறியதாக்கியது எது என்றும் கேட்க வேண்டும். புன்னகைக்கும் மலைநாடு என்ற சுற்றுலாப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த அணியின் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

கணக்குக்கு வருவோம். 2015 மார்ச்சில் பூட்டான் முதன்முதலாக உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இறங்கியது. அன்று தரவரிசையில் அதன் இடம் 209, அதாவது கடைசி. மோசமாகத் தோற்றுக்கொண்டே இருந்ததால் மட்டும் வந்த இடம் அல்ல அது. 2013 செப்டம்பரில் நடந்த சாஃப் (தெற்காசியக் கால்பந்து) போட்டிக்குப் பிறகு ஒன்றரை ஆண்டு அந்த அணி சர்வதேச ஆட்டமே ஆடவில்லை. எதிரி இலங்கை. மார்ச் 12 அன்று கொழும்பில் முதல் ஆட்டம். கடல் காற்றும் புழுக்கமும் நிறைந்த அந்த ஊரில், ஆட்டம் முடிய சில நிமிடங்கள் இருக்கையில் செரிங் டோர்ஜி அடித்த கோலில் பூட்டான் 1–0 என்று வென்றது. ஐந்து நாள் கழித்து திம்புவில் 2–1. செஞ்சோ கியல்ட்ஷென் தொடக்கத்தில் ஒன்றும் கடைசி நிமிடத்தில் ஒன்றுமாக இரண்டு கோல் போட்டார். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பூட்டானின் முதல் வெற்றி கடல்மட்டத்தில் கிடைத்தது என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளலாம். மலைக்காற்று அன்று அவர்களுக்கு உதவ அங்கே இல்லை.

அடுத்த சுற்றில் ஹாங்காங், சீனா, கத்தார், மாலத்தீவு. எட்டு ஆட்டங்களிலும் தோல்வி, அடித்தது 5, வாங்கியது 52. இந்த 52ஐத்தான் எல்லோரும் எழுதினார்கள். அதைப் பிரித்துப் பார்த்தால் வேறு படம் கிடைக்கிறது. திம்புவில் ஆடிய நான்கில் சீனா 6–0, ஹாங்காங் 1–0, மாலத்தீவு 4–3, கத்தார் 3–0 என்று வென்றன. வெளியே ஆடிய நான்கில் ஹாங்காங் 7–0, கத்தார் 15–0, சீனா 12–0, மாலத்தீவு 4–2. உள்ளூரில் பூட்டான் வாங்கியவை 14 கோல்கள், வெளியூரில் 38. சராசரியாக ஓர் ஆட்டத்தில் உள்ளூரில் 2.75 கோல் பின்தங்கியது, வெளியூரில் 9 கோல். இடைவெளி ஆறேகால் கோல்.

மெக்‌ஷாரியின் அளவுகோல் தருவது ஒன்றேகால் கோலுக்கும் குறைவு. எந்த அணிக்கும் சொந்த ஊரில் இருக்கும் வழக்கமான சாதகத்தைச் சேர்த்தாலும் ஆறேகால் வராது. அப்படியானால் மீதி எங்கிருந்து வந்தது?

ஒவ்வொரு எதிரியையும் தனித்தனியாக எடுத்து, திம்பு முடிவுக்கும் வெளியூர் முடிவுக்கும் உள்ள கோல் இடைவெளியைக் கணக்கிட்டேன். 2019இல் குவாமையும் 2023இல் மீண்டும் ஹாங்காங்கையும் சந்தித்த சோடி ஆட்டங்களையும் சேர்த்துக்கொண்டேன். குவாமைத் திம்புவில் 1–0 என்று வென்று அங்கே போய் 5–0 என்று தோற்றார்கள். ஹாங்காங்கிடம் வெளியூரில் 4–0 என்று தோற்று, ஊருக்கு வந்து 2–0 என்று வென்றார்கள். மொத்தம் ஏழு சோடிகள். கத்தாரோடு இடைவெளி 12 கோல். சீனாவோடு 6, ஹாங்காங்கோடு இரண்டு முறையும் 6, குவாமோடு 6. மாலத்தீவோடு 1. இலங்கையோடு பூஜ்யம்.

உயர வித்தியாசம் இந்த ஏழிலும் ஏறத்தாழ ஒன்றே. தோஹா, ஹாங்காங், கொழும்பு, மாலே எல்லாம் கடலோரம், சீனா ஆடிய சாங்ஷாவும் தாழ்நிலம்தான். மாறாத ஒன்று மாறுகிற விளைவுக்குக் காரணமாக இருக்க முடியாது. தெற்காசிய அணிகளோடு ஆடும்போது மேலும் கீழும் பூட்டான் ஒரே அணியாக இருக்கிறது. அந்த வட்டத்தைத் தாண்டினால் ஊரில் ஓர் அணி, வெளியே வேறோர் அணி. சமபலமுள்ள அணிகள் மோதும்போதுதான் சிறு சாதகம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மலை ஒரு கோல் தருமானால் அது இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் எதிராகப் பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டும். அங்கேதான் அது மிகக் குறைவாகத் தெரிகிறது.

ஏழு சோடி என்பது சிறிய எண்ணிக்கை. ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றுகளைச் சேர்த்தால் கோடு இவ்வளவு நேராக விழாது. ஆனாலும் என் வாசிப்பு இது: பூட்டான் ஆட்டக்காரர்களை வெளியூரில் உடைத்தவை நீண்ட பயணமும், பாலைவன வெப்பமும், எல்லாவற்றுக்கும் மேலாக அப்படிப்பட்ட வேகத்தை அதற்குமுன் எதிர்கொண்டே பழகாததும். சாஃப் போட்டிகளில் திரும்பத் திரும்பச் சந்தித்த இலங்கையரையும் மாலத்தீவினரையும் அவர்களுக்குத் தெரியும். 2008 சாஃப் போட்டியை மாலத்தீவும் இலங்கையும் சேர்ந்து நடத்தின. கடலோரங்களிலேயே நடந்த அந்தப் போட்டியில் பூட்டான் அரையிறுதி வரை வந்து, இந்தியாவிடம் கூடுதல் நேரத்தில்தான் 2–1 என்று தோற்றது. கத்தார்க்காரரை அவர்கள் முதன்முதலாகப் பார்த்ததே தோஹாவில், ஸ்கோர் பலகை ஓடத் தொடங்கிய பிறகுதான்.

மாலத்தீவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இந்த வாதத்தின் முதுகெலும்பே அந்த நாடுதான். தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிப் போகும் அந்தத் தீவுகளின் நிலம் கடல்மட்டத்துக்கு மேல் சராசரியாக ஒன்றரை மீட்டர்தான். உலகிலேயே தாழ்வான நாடு. மக்கள்தொகையில் பூட்டானைவிடச் சிறியது. மலை என்றால் என்னவென்று தம் மண்ணில் கண்டறியாத அந்தப் பிள்ளைகள் திம்புவுக்கு ஏறி வந்து 2015இல் 4–3 என்று வென்றார்கள், 2017இலும் வென்றார்கள். உயரம்தான் காரணம் என்றால் இந்த இரண்டு ஆட்டங்களும் நடந்திருக்கவே கூடாது.

அவர்களும் ஒரு காலத்தில் அடிவாங்கியவர்கள்தான். 1997 ஜூனில் டமாஸ்கஸில் ஈரான் அவர்களை 17–0 என்று நொறுக்கியது. பதினொரு ஆண்டு கழித்து, 2008 சாஃப் இறுதியாட்டத்தில் இந்தியாவை 1–0 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள். 2018இல் டாக்காவில் மறுபடியும் இந்தியாவை 2–1 என்று வென்றார்கள். நூற்று நாற்பது கோடிப் பேரின் நாட்டை ஐந்து லட்சம் பேரின் நாடு இரண்டு இறுதியாட்டங்களில் தோற்கடித்தது எப்படி? மாலே தீவின் பரப்பு ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டர். அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். நாட்டின் முக்கியக் கிளப்கள், தேசிய மைதானம், லீக் எல்லாமே அந்தச் சிறு நிலத்தில்தான். அங்கே ஒரு பையன் ஆட்டத்துக்குப் போக மலைப்பாதையில் அரை நாள் பயணம் செய்ய வேண்டியதில்லை, நடந்து போகலாம். நெருக்கடி என்று நாம் நினைப்பது கால்பந்துக்கு வசதியாகிவிட்டது. ஒவ்வொரு பருவத்திலும் ஒரே எதிரிகளோடு, ஒரே பார்வையாளர்கள் முன்னால், தொடர்ந்து போட்டி ஆட்டம் கிடைக்கிறது. அலி அஷ்ஃபாக் போன்ற ஒரு கோலடிப்பவர் அந்த மண்ணில் உருவானார்.

பூட்டானில் நிலைமை நேர்மாறு. பள்ளத்தாக்குக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவே கணவாய்கள். சமநிலம் அரிது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை தேசிய லீக்கில் ஆறே அணிகள். ஆறு அணிகள் இரு சுற்று ஆடினால் ஓர் அணிக்குப் பருவம் முழுவதற்கும் பத்தே ஆட்டம். 2015இல் அந்த அணியில் தொழில்முறை ஆட்டக்காரர் என்று சொல்லத்தக்கவர் செஞ்சோ ஒருவர்தான். அவர் பின்னர் இந்தியாவுக்கு வந்து, 2017–18 பருவத்தில் ஐ-லீக்கை வென்ற மினர்வா பஞ்சாப் அணியில் ஆடினார், பெங்களூருக்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் ஆடினார். ஒருவர் கீழே இறங்கி வந்து வாரந்தோறும் தம்மைவிடப் பெரியவர்களோடு மோதியது, மலையில் இன்னும் பத்து ஆண்டு மூச்சுப் பயிற்சி செய்திருந்தால் கிடைத்திராத ஒன்றை அந்த நாட்டுக்குத் தந்தது. 3.3 லட்சம் பேர் கொண்ட ஐஸ்லாந்தும் இதையே வேறு வழியில் செய்தது. 2000 முதல் கூரையிட்ட முழு அளவு மைதானங்களைக் கட்டி, உறைகுளிரிலும் பிள்ளைகளின் ஆட்டம் நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டது. 2016 யூரோ கோப்பையில் இங்கிலாந்தை 2–1 என்று வெளியேற்றியது அதன் பிறகுதான்.

நம்மிடமும் ஒரு மலை அணி இருந்தது. அதை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தமான கேள்வி. குன்னூரை ஒட்டிய வெலிங்டனில், ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பையை வென்றது. போட்டி நடந்தது டெல்லியில், சமவெளியில். அந்த அணிக்கு வந்து, முன்வரிசையில் ஆடத் தொடங்கி, பின்பு கோல் கம்பத்துக்கு மாற்றப்பட்டவர்தான் பீட்டர் தங்கராஜ். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை 2–1 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கிய இறுதியாட்டத்தில் கோல் காத்தவர் அவர். எம்.ஆர்.சி.யை மலைக்காற்று வெல்ல வைத்தது என்றால், அதே நீலகிரியின் மற்ற ஊர்களும் கோப்பை எடுத்திருக்க வேண்டும். ராணுவம் அந்த ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்தது, சாப்பாடு போட்டது, தினமும் பயிற்சி தந்தது, ரயிலேற்றி நாடு முழுக்கக் கூட்டிப்போய் ஆட வைத்தது. மலை இருந்தது, அதோடு இவையெல்லாம் இருந்தன.

உயரத்தால் பயனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1997இல் பெஞ்சமின் லெவினும் ஜேம்ஸ் ஸ்ட்ரே-கண்டர்சனும் ஓட்டவீரர்களை 2,500 மீட்டரில் தங்கவைத்து 1,250 மீட்டரில் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் கீழே வந்து 5,000 மீட்டர் ஓட்டத்தில் நேரத்தைக் குறைத்தார்கள். மேலேயே தங்கி மேலேயே பயிற்சி செய்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. காரணம் எளிது: மெல்லிய காற்றில் யாராலும் முழு வேகத்தில் பயிற்சி செய்ய முடியாது. இரத்தம் செழிக்கும், கால் மந்தமாகும். இதைப் படிக்கும்போது பழனிமலையின் அமைப்பு என் மனதில் விரிகிறது. மேல்மலையில் பூம்பாறையும் மன்னவனூரும். கீழ்மலையில், ஏறத்தாழ 1,300 மீட்டரில், தாண்டிக்குடி. லெவின் தேடிய இரண்டு படிகளும் ஒரே வட்டத்துக்குள், ஒரே பேருந்துப் பாதைகளில் இருக்கின்றன.

2024 அக்டோபர் கடைசியில் ஏ.எஃப்.சி. சேலஞ்ச் லீக்கின் ஒரு பிரிவு ஆட்டங்கள் திம்புவில் நடந்தன. ஐ.எஸ்.எல். பருவத்தைத் தொடர் தோல்விகளோடு தொடங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால் கொல்கத்தாவின் கடல்மட்டக் காற்றிலிருந்து அங்கே போனது. முதல் ஆட்டத்தில் உள்ளூர் பாரோ அணி அதை 2–2 என்று நிறுத்தியது. மூன்று நாள் இடைவெளிகளில் அடுத்தடுத்து ஆடி, வங்கதேசத்தின் பசுந்தரா கிங்ஸை 4–0 என்றும் லெபனானின் நெஜ்மேவை 3–2 என்றும் வென்று ஈஸ்ட் பெங்கால் காலிறுதிக்குப் போனது. மலை தந்த சாதகம், இருந்திருந்தால், ஓர் ஆட்டத்தோடு தீர்ந்துபோனது. பாரோவுக்கு அந்த வாரத்தில் கிடைத்த பெரிய லாபம் வேறு: ஒரே வாரத்தில் மூன்று நாடுகளின் சாம்பியன் தரத்து அணிகளோடு சொந்த ஊரில் மூன்று ஆட்டங்கள்.

அந்த எண்ணிக்கையைக் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்து பார்க்கிறேன். நம் பள்ளிகளின் குறுவட்டப் போட்டிகள் நாக்-அவுட் முறையில் நடக்கின்றன. முதல் ஆட்டத்தில் தோற்கும் மலைப்பள்ளி அணிக்கு அந்த ஆண்டின் கால்பந்து அன்றோடு முடிந்தது. வென்றால் மாவட்ட அளவுக்குக் கீழே திண்டுக்கல் பக்கம் இறங்க வேண்டும், கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு போய் வெயிலில் ஆட வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு போட்டி ஆட்டம் கிடைக்கும் ஊரில், அவனுடைய நுரையீரல் எவ்வளவு பெரியது என்ற பேச்சுக்கு அர்த்தமில்லை. மேல்மலையில் மூன்று, கீழ்மலையில் மூன்று என்று ஆறு பள்ளிகள் சேர்ந்து இரு சுற்று லீக் ஆடினாலே ஒவ்வோர் அணிக்கும் பத்து ஆட்டம் கிடைக்கும். பூட்டானின் பழைய தேசிய லீக்கின் அளவு அது. ஒரு வாரம் தாண்டிக்குடிக்காரர்கள் மன்னவனூருக்கு ஏறலாம், மறுவாரம் மன்னவனூர்க்காரர்கள் தாண்டிக்குடிக்கு இறங்கலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியிலிருந்து, சீசன் கூட்டத்தால் மலைப்பாதை நெரியத் தொடங்கும் ஏப்ரல் வரை அதற்குப் போதுமான சனிக்கிழமைகள் இருக்கின்றன.